நான்கு துளைகளில் பசை

அன்றைக்குப் புதன்கிழமை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்கேலின் அண்ணி அன்று வீட்டில் இருந்தாள். அவளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. பசை ஊற்றியது அன்று காலையிலா, முந்தின நாள் சாயங்காலமா என்பதிலும் அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். மூன்றாவது ஆள் சொல்வதே இல்லை. நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. மூன்று மணி என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

ஸ்கேல் என்பது அந்த வீட்டுத் தங்கையின் உண்மைப் பெயரல்ல. ஒல்லியாக, வளையாமல் நடப்பாள் என்று பட்டறையில் யாரோ வைத்தது. பதினைந்து வருஷத்தில் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மரப் படிக்கட்டு செய்வது அந்தக் குடும்பத்தின் தொழில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் அண்ணன் மரம் அறுப்பான். கீழ் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்கேல் வரைவாள். வரைந்து முடித்த தாளின் வலது மூலையில் அண்ணன் கையெழுத்துப் போடுவான். தங்கை ஏன் போடவில்லை என்று யாரும் கேட்டதில்லை. ரொம்ப நாள் வரைக்கும் தங்கையும் கேட்டதில்லை.

போன வாரம்தான் அது வெடித்தது. தூரத்து ஊரில் ஒரு கட்டட வரைபட அலுவலகம் அவளை வேலைக்கு எடுக்கலாமா என்று யோசித்தது. அவள் வரைவதை அங்கிருந்தே தங்கள் திரையில் பார்க்க வேண்டும் என்றார்கள். அதுதான் தேர்வு. தேர்வுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கம்ப்யூட்டரில் இணையம் போயிற்று. மாடியிலிருந்து சுவரோடு இறங்கி வந்த கேபிள் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. ஆபீஸை மாடிக்கு மாற்றுகிறேன், பழைய ஒயர் சுவரில் எதற்கு என்றான் அண்ணன். கையில் வெட்டுக் குறடு இருந்தது.

அந்த அலுவலகம் இன்னொரு தேதி கொடுத்தது. கடிதத்தின் கடைசி வரியை ஸ்கேல் மனப்பாடமாக வைத்திருந்தாள்: மறுபடி ஒத்திவைக்க இயலாது.

அந்தத் தேதிதான் இன்று. இன்று மூன்று மணி.

*

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். பழைய கம்ப்யூட்டர், அதில் வைஃபை கிடையாது, கேபிளும் இல்லை, ஆனால் என் போனில் இணையம் இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். கடைக்காரர் ஒரு சிறிய அட்டையைக் கிழித்து, கட்டைவிரல் நகம் அளவுள்ள கறுப்புப் பொருள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். யூஎஸ்பி வைஃபை அடாப்டர்.

இவ்வளவு சின்னதா என்று கேட்டாள்.

"வேலை செய்யறதுக்கு உடம்பு எதுக்கும்மா," என்றார் அவர், தன் தொப்பையைத் தடவிக்கொண்டு.

அதை இயக்கும் மென்பொருளை இணையத்திலிருந்துதானே இறக்க வேண்டும், அதற்கு இணையத்துக்கு எங்கே போவேன் என்று அடுத்த கேள்வி கேட்டாள். இரண்டு நாளாக அவளை அரித்த கேள்வி அது. தேவையில்லை என்றார். மென்பொருள் இதற்குள்ளேயே இருக்கிறது. சொருகினதும் முதலில் ஒரு டிரைவ் மாதிரி திரையில் வரும். அதைத் திறந்து உள்ளே இருப்பதை ஒரு தடவை ஓட்டினால் போதும். பிறகு டிரைவ் மறைந்துவிடும், வைஃபை வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், மேஜைக்கு அடியில் மண்டியிட்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டியில் ஆறு யூஎஸ்பி துளைகள். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. பின்னால் இரண்டில் கீபோர்டும் மவுஸும் சொருகியிருந்தன. மீதி நான்கிலும் மஞ்சளாக எதுவோ உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

படியில் கைப்பிடிக் கம்புகளை நட்டு ஒட்டும் பசை அது. இரண்டு டியூபைக் கலந்து தடவுவார்கள். அதன் குணம் அவளுக்குத் தெரியும். அந்தப் பசையை நம்பித்தான் அவள் வரைந்த படிகளில் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள்.

பட்டறையில் அண்ணன் இழைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"போர்ட்ல பசை ஊத்தினது யாரு?"

"தூசி போகுது. அடைச்சேன்."

"நாலுலயுமா தூசி போகுது?"

அவன் மரச் சுருளை ஊதித் தள்ளினான். "என்னோட இருநூத்துப் பன்னெண்டு படிக்கட்டு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. போறவ வெறுங்கையோட போகணும். பென் டிரைவ்ல அள்ளிக்கிட்டுப் போகக் கூடாது."

'என்னோட' என்ற சொல் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவன் மறுபடி இழைக்க ஆரம்பித்தான்.

கீழ் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, பெட்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கணக்கு போட்டுத்தான் செய்திருந்தான். தனக்கு வரைந்துகொடுக்க என்ன வேண்டுமோ அதை விட்டுவைத்திருந்தான்: ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். அதற்கு மேல் ஒரு துளைகூட இல்லை.

அவன் போடாத கணக்கு ஒன்று அவளுக்குத் தோன்ற அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டையும் ஒரே சமயத்தில் சொருகியிருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

மவுஸைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் அடாப்டரைச் சொருகினாள்.

*

கடைக்காரர் சொன்ன மாதிரியே நடந்தது. திரையில் புதிதாக ஒரு டிரைவ் வந்தது. அம்புக்குறி விசைகளை அழுத்தி அதன்மேல் போய் நின்று திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதை ஓட்ட எண்டர் விசையில் விரலை வைக்கப் போகும்போது கதவு திறந்தது.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான்.

"என்ன காப்பி பண்றே?"

ஒன்றும் இல்லை, இது வைஃபை அடாப்டர் என்றாள்.

"வைஃபைன்னா டிரைவ்னு ஏன் காட்டுது?"

அவள் பொறுமையாகவே விளக்கினாள். பதினைந்து வருஷமாக அவனுக்கு விளக்கிப் பழகிய குரல் அது. முதலில் டிரைவாக வரும், உள்ளே இருப்பதை ஓட்டின பிறகு டிரைவ் போய்விடும், வைஃபை ஆகிவிடும். அண்ணன் முழுக்கக் கேட்டான். தேக்கு முதலில் தேக்காக வந்து பிறகு மாமரம் ஆவதை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

"முதல்ல ஒண்ணா வந்து, அப்புறம் வேற ஒண்ணா மாறிடும்," என்றான். "உன்னை மாதிரி."

குனிந்து அடாப்டரைப் பிடுங்கினான். சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டினான்.

"அதைக் குடு அண்ணா. மூணு மணிக்கு எனக்கு வேணும்."

"மூணு மணிக்கு நூலகப் படிக்கட்டுப் படம் எனக்கு வேணும். ஒன்பது படியோட நிக்குது. அதை முடி."

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனான். அவள் அதைச் சாத்த எழுந்திருக்கவில்லை. மவுஸைத் திரும்பச் சொருகவும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று. மேஜையில் பாத்திரங்களின் சத்தம் கேட்டது, நின்றது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரில் ஒரு முழம் நகர்ந்தது. உதவிக்கு யாரிடம் போகலாம் என்று யோசித்துப் பார்த்தாள். வரைகிற மென்பொருள் இந்த ஒரு பெட்டியில்தான் இருக்கிறது. பெட்டி அசையாது. ஆகவே அவளும் அசைய முடியாது. பதினைந்து வருஷமாக இது இப்படித்தான் இருந்தது. இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

இரண்டு மணி பத்துக்கு அண்ணி வந்தாள்.

அண்ணி ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். பேச்சும் அப்படித்தான், குத்துவது தெரியாது. அவளும் ஸ்கேலும் நேருக்கு நேர் பேசி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அண்ணி உள்ளே வந்து, உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து, எடுத்தாள். அங்கே அடாப்டர் இருந்தது.

"வெயிலுக்குச் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டியிருந்தார்."

ஸ்கேல் அதை எடுக்கவில்லை. அண்ணி கொடுத்து அவள் வாங்கிய பொருள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"எதுக்கு அண்ணி?"

"உனக்காகன்னு நினைச்சுக்காதே." அண்ணி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்ல மூணு பேரா குடித்தனம் நடத்தறோம். சாப்பிட உட்கார்ந்தா படி உயரம், மிதி அகலம். படுக்கப் போறவரைக்கும் கைப்பிடி. பதினோரு வருஷம் நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டுக்கிட்டே பரிமாறியிருக்கேன். என் பக்கம் திரும்பி, இன்னிக்கு ஆஸ்பத்திரில என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கியா? நீ போ. நல்லா இருப்பியோ நாசமாப் போவியோ, அது உன் பாடு. போனாப் போதும்."

ஸ்கேலுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அண்ணி ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கிறாள் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

அடாப்டரைச் சொருகினாள். டிரைவ் வந்தது. கோப்பை ஓட்டினாள். கம்ப்யூட்டர் ஒரு சின்னப் பெட்டியைத் திரையில் போட்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

இது அவள் எதிர்பார்க்காதது. காலையில் அண்ணன் வராமல் இருந்திருந்தாலும் இங்கே வந்து நின்றிருப்பாள். அப்பா போன பிறகு அண்ணன் வைத்த கடவுச்சொல் அது.

"அவர் வெச்சது," என்றாள்.

"அவர் வெச்சது எது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு? என் டைரியைப் பார்த்துத்தான் அவரே அடிப்பார். தள்ளு."

அண்ணி குனிந்து ஒற்றை விரலால் அடித்தாள். அடித்து முடிக்கும்வரை ஸ்கேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மரியாதைக்காக அல்ல. அண்ணியின் தோள் அவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை.

திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நீண்டது. டிரைவ் மறைந்தது. பெட்டியின் பின்னால், இருட்டில், அடாப்டரில் ஒரு பொட்டு நீல வெளிச்சம் துடித்தது.

"வந்துடுச்சா?" என்றாள் அண்ணி.

"வந்துடுச்சு."

"இந்த ஜன்னலுக்கு என்ன அகலம்?"

"நாலடி ரெண்டு அங்குலம்."

அண்ணி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

*

வைஃபைப் பட்டியலில் மாடியின் பெயர் முதலில் இருந்தது, முழு பலத்தோடு, பூட்டோடு. அதை விட்டுவிட்டு நான்காவதாக இருந்த தன் போனைப் பிடித்தாள். பிறகு கீபோர்டால் செய்ய வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாள், திரும்பி வர முடியாத ஊருக்குச் சாமான் கட்டுகிற மாதிரி. போனின் கடவுச்சொல்லை அடித்தாள். கடிதத்தில் வந்த இணைப்பைத் திறந்தாள். வரைகிற மென்பொருளைத் திறந்து, திரையில் தெரியும் கட்டங்களைப் பத்து மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தாள். மவுஸுக்கு இடம் விட்டுக் கீபோர்டு போன பிறகு எண் எதுவும் அடிக்க முடியாது. கட்டத்தை எண்ணித்தான் வரைய வேண்டும்.

மூன்றுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கீபோர்டைப் பிடுங்கி, மவுஸைச் சொருகினாள். நீல வெளிச்சம் அணையவில்லை.

கம்ப்யூட்டரில் மைக் கிடையாது. படம் அதில், பேச்சு போனில் என்று முன்பே ஏற்பாடு. மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பேசியது அந்த அலுவலகத்தின் தலைமை வரைவாளர், நடுவயதுப் பெண், அதிகம் பேசாதவர். அது ஸ்கேலுக்குப் பிடித்திருந்தது. இரண்டு தளங்களுக்கு நடுவே மூவாயிரத்து அறுபது மில்லிமீட்டர் உயரம், ஒரு படிக்கட்டு வரையுங்கள் என்றார்.

ஸ்கேல் மனசுக்குள் வகுத்தாள். பதினெட்டு உயரம், ஒவ்வொன்றும் நூற்றெழுபது. ஒரு படிக்குப் பதினேழு கட்டம். மேல் தளத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கினாள். அந்தப் பட்டறையில் அப்படித்தான். மேல் தளம் நகராது, தரையில் ஒரு அங்குலம் முன்னே பின்னே போகலாம், ஆகவே நகராததிலிருந்து தொடங்கு.

"மேலேருந்து வரையறீங்க," என்றது போன். "கீபோர்டைத் தொடவே இல்ல."

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் அது நீளம் என்றாள்.

ஆறு படி முடிந்தது. பிறகு அந்தப் பெண், ஒரு சங்கடம் இருக்கிறது என்றார். கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபவத்துக்கு என்று நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் வேறொருவர் கையெழுத்து இருக்கிறது. அவை நீங்கள் வரைந்தவைதான் என்று சொல்ல யாராவது உண்டா?

"ஒருத்தர் இருக்கார். சொல்ல மாட்டார்."

சொல்ல ஆள் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது படி. பதினொன்றாவது.

மூன்று இருபதுக்கு அண்ணன் வந்தான். மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டிருக்கிறான், அடாப்டர் அங்கே இல்லை. சட்டை கையில் இருந்தது, மார்பெல்லாம் மரத்தூள். பெட்டிக்குப் பின்னால் துடிக்கும் நீலத்தையும், மேஜை ஓரத்தில் ஒயர் சுருட்டிக் கிடந்த கீபோர்டையும் பார்த்தான். போனைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த போன் எல்லாப் போனையும் போலத்தான் இருந்தது.

"என் பையிலேயே கையை விடறியா."

ஸ்கேல் திரும்பவில்லை. வாயைத் திறந்து, லைனில் ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போய் அங்க என்னத்தைக் காட்டுவே? சொல்லு. இருநூத்துப் பன்னெண்டும் உட்கார்ந்து வரைஞ்சது நீதான். இல்லைங்கல. ஒரு கோடு நான் போட்டது கிடையாது. அந்த மென்பொருளைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொண்ணுலயும் இருக்கறது யார் பேரு? எவன் நம்புவான் உன்னை? நான் இல்லாம நீ வெறும் பென்சில் தூள்."

பன்னிரண்டாவது படி. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பெட்டியை நோக்கி ஒரு அடி வைத்தான்.

"மன்னிக்கணும்," என்றது போன். "இப்பப் பேசினது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அண்ணன் நின்றுவிட்டான்.

"எங்க அண்ணன்," என்றாள் ஸ்கேல். "அந்தக் கையெழுத்துக்காரர்."

"நன்றி சார். நாங்க கேட்க வேண்டியதை நீங்களே சொல்லிட்டீங்க."

அவன் போனைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மேல் தளத்திலிருந்து தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த படிகளை, அநேகமாக முதல் முறையாக, ஒவ்வொன்றாகப் பார்த்தான். கையை நீட்டினால் அடாப்டர் எட்டும். நீட்டவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பட்டறையில் ரம்பம் ஓடும் சத்தம் அன்று பிறகு கேட்கவில்லை.

அவள் மீதிப் படிகளை வரைந்து முடித்தாள். தரை சரியாக வந்து சேர்ந்தது.

*

ஸ்கேலுக்கு வேலை கிடைத்தது. இன்னும் பதினெட்டு நாளில் போய்ச் சேர வேண்டும். நூலகப் படிக்கட்டு ஒன்பதாவது படியோடு நிற்கிறது. அதை முடித்துக் கொடுப்பேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணி கீழ் அறை ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கிவிட்டாள், நாலடி ரெண்டு அங்குலத்துக்கு. அண்ணன் ஒரு ஊசியை வைத்து நான்கு துளைகளையும் குத்திப் பார்த்தான். பசை வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் இப்போது படிக்கட்டைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை.

அடாப்டரைத் தன் பையிலிருந்து எடுத்தது தங்கைதான் என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்கிறான். ஸ்கேல் மறுக்கவில்லை. அண்ணி அந்தப் பேச்சு வரும்போது எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுகிறாள்.

ஆனால் அவன் இப்போது பட்டறையில் சட்டையை ஆணியில் மாட்டுவதில்லை. எவ்வளவு வெயிலானாலும் போட்டுக்கொண்டே இழைக்கிறான். துவைக்க வேண்டும் என்று அண்ணி கையை நீட்டினால், பையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் கழற்றிக் கொடுக்கிறான்.